பதினேழு விழுக்காட்டு ஈரமும் சாவித்திரி அம்மையாரின் கடைசிக் கையொப்பமும்

கணிப்பொறித் துறையின் காவலரே! கனிவைக் கறாருக்குள் ஒளித்துவைத்த கல்வியாளரே! பிறர் எழுதியதைத் தமதென்று காட்டும் பிள்ளைகளுக்குப் பெருங்கிலியாகவும், தட்டுத்தடுமாறித் தாமே எழுதும் பிள்ளைகளுக்குத் தக்க துணையாகவும் முப்பத்திரண்டு ஆண்டுகள் இக்கல்லூரியில் நின்று நிலைத்த முனைவர் சாவித்திரி அம்மையீர்! முன்புறம் காவிரியும் பின்புறம் கழனியும் சூழ்ந்த இவ்வளாகத்தில் நாளை முற்பகலோடு தங்கள் பணி நிறைவடைய இருக்கையில், இன்று இவ்வரங்கில் தங்களை வணங்கி எழுகிறது இம்மடல்.

இதை எழுதி, இப்போது ஒலிவாங்கிமுன் நின்று வாசித்துக்கொண்டிருப்பவள் உதவிப் பேராசிரியை வானதி. வாழ்த்து மடலுக்குள் எழுதியவர் தம் கதையை நுழைப்பது மரபன்று என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் நாளைக் காலை பதினொரு மணிக்குத் தாங்கள் தேர்வாளர் என்ற முறையில் ஒரு கோப்பில் கையொப்பமிட இருக்கிறீர்கள். இட்டுவிட்டால் கவிப்ரியா என்ற இரண்டாம் ஆண்டு மாணவி மூன்று பருவங்களுக்குத் தேர்வெழுத முடியாது. அந்தக் கோப்பில் இருப்பது பொய். பொய்யென்று அறிந்தவள் வானதி. ஆகவே இந்த மடல் கொஞ்சம் நீளும். தன்னைத் தானே 'அவள்' என்று சொல்லிக்கொள்வாள். வேறொருத்தி கதையைப்போலச் சொன்னால்தான் அவளுக்கு நாக்கு எழுகிறது. மேடையில் வீற்றிருக்கும் முதல்வர் தியாகராசன் ஐயா அவர்களும் துறைத்தலைவர் துரைக்கண்ணு ஐயா அவர்களும் இடையில் நிறுத்தச் சொல்லாமல் இறுதிவரை கேட்டருள வேண்டும்.

முதலில் முறைப்படி தங்கள் பெருமை. தாங்கள் பணியில் சேர்ந்த ஆண்டில் இத்துறையில் கணிப்பொறிகள் நான்கு; அந்த நான்கிலும் ஒன்று எப்போதும் பழுது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஆய்வகத்துக்குள் நுழைந்த காலம் அது. அன்றைய மாணவர்கள் மூத்தவர்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினார்கள். பிறகு பென்டிரைவில் மாற்றிக்கொண்டார்கள். பிறகு வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டார்கள். இன்று கைப்பேசியிடம் கேட்டால் அதுவே எழுதித் தருகிறது. காலந்தோறும் களவு புதுச் சட்டை போட்டது. தாங்கள் கேட்டதோ அதே ஒரு கேள்வி. மாணவர் எழுதிய கணிப்பொறி நிரலில் ஏதோ ஒரு வரிமேல் விரலை வைத்து, "ஏம்மா, இந்த வரி எதுக்கு?" என்பீர்கள். பதில் வராவிட்டால் அந்த வரியை அழித்துவிட்டு, "இப்ப என்ன ஒடையும், சொல்லு" என்பீர்கள். அதற்கும் விழித்தால் நோட்டை மூடிக் கையில் கொடுத்து, "நாளைக்கு எழுதிட்டு வா. தப்பா இருந்தாலும் பரவால்ல, நீ எழுது" என்பீர்கள். தங்கள் அண்ணன் மகன் பரிதி இங்கே படித்தபோது அவன் நோட்டையும் ஏழு முறை மூடிக் கொடுத்தீர்கள். அதற்காகத் தங்கள் அண்ணி ஒரு தீபாவளி முழுக்கத் தங்களோடு பேசவில்லை என்பது துறையே அறிந்த செய்தி.

நேர்மையை நெஞ்சிலும் நோட்டிலும் காத்த நல்லாசிரியையே! அப்படிப்பட்ட தங்கள் பக்கத்து மேசையில் ஆறாண்டு அமர்ந்திருந்தவள்தான் இப்போது சொல்லப்போவதைச் செய்தாள்.

இந்தப் பருவத் தொடக்கத்தில் முதல்வர் ஐயா கூட்டம் கூட்டி, "இந்த வருஷம் நம்ம ரிசல்ட் நூத்துக்கு நூறு வரணும். கொறஞ்சா அந்தந்த ஸ்டாஃப் எழுத்துல விளக்கம் தரணும்" என்றார்கள். ஐயா, தாங்கள் சொன்னது அவ்வளவுதான். கேட்டவளுக்குத்தான் மே மாதம் நினைவுக்கு வந்தது. வானதி தற்காலிகப் பணியில் இருப்பவள். ஒவ்வொரு மே மாதமும் அவள் வேலை புதுப்பிக்கப்பட வேண்டும். பைத்தான் பாடத்தில் முதல் பிரிவு அவளுடையது, முப்பத்தொரு பேர். மழை விடுமுறை, பொங்கல், விளையாட்டு விழா என்று வகுப்புகள் போயின. மார்ச் மாதத்தில் பார்த்தால் பாதிப் பேருக்கு ஒரு நிபந்தனை வரியே உருப்படியாக எழுத வரவில்லை. அதே மழையும் அதே பொங்கலும் தங்களுடைய இரண்டாம் பிரிவுக்கும் வந்தன. தாங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தீர்கள். அவள் உட்காரவில்லை.

ஏப்ரலில் தங்கள் கணவரின் அறுபதாம் கல்யாணத்துக்காக இரண்டு நாள் விடுப்பெடுத்துத் திருக்கடையூர் கிளம்பினீர்கள். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் தாங்கள் விடுப்பெடுத்தது அதுவே முதல் தடவை. போகும்போது அலமாரிச் சாவியை வானதி கையில் வைத்து, "கேள்வித்தாள் கவர் உள்ள இருக்கு. யார்கிட்டயும் சாவியக் குடுத்துடாத. நீ இருக்கேன்னுதான் நிம்மதியாக் கெளம்புறேன்" என்றீர்கள்.

தாங்கள் அங்கே மாலை மாற்றிக்கொண்டிருந்த அதே முற்பகலில் அவள் இங்கே அலமாரியைத் திறந்தாள். கவரில் பசை முழுதாகக் காய்ந்திருக்கவில்லை. நகத்தால் நெம்பினாள், வந்துவிட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதையை ஊரே சொல்லும். மேயும்போது வேலிக்கு எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. தலைக்குமேல் மின்விசிறிச் சத்தம் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. ஆனாலும் மேய்ந்தாள்.

எல்லாருக்கும் பொதுவாகத் தாங்கள் வைத்திருந்த வினா இது. நெல் கொள்முதல் நிலையத்துக்கு வந்த நாற்பது உழவர்களின் பெயரும் மூட்டை எண்ணிக்கையும் ஈரப்பதமும் கொடுக்கப்பட்டிருக்கும். ஈரம் பதினேழு விழுக்காடு வரை இருந்தால் ஏற்றுக்கொண்டு, மேலே போனால் திருப்பி அனுப்பும் நிரலை எழுத வேண்டும். நம் வட்டாரப் பிள்ளைக்குப் பொருள் விளங்காமல் போகக்கூடாதென்று தாங்கள் யோசித்து யோசித்து அமைத்த வினா.

அதற்கான விடை நிரலை அவள் அன்று பிற்பகலே எழுதினாள். அவசரத்தில் அவள் கை கேள்வித்தாளைக் கேட்கவில்லை; திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் பயிர் வைத்திருக்கும் தன் தகப்பனாரைக் கேட்டது. அவர் வீட்டில் பதினேழு என்ற எண்ணுக்கு மதிப்பே கிடையாது. "பதினேழுன்னு நம்பி வண்டியில ஏத்தாத. வரிசையில நிக்கிறப்ப ஒரு மேகம் போட்டாப் போச்சு, பதினெட்டாயிடும். பதினாறுக்குக் காஞ்சாத்தான் கெளம்பணும்" என்று ஒவ்வோர் அறுவடைக்கும் சொல்வார். அவள் பட்டம் வாங்கும் முன்பே வாங்கிக்கொண்ட பாடம் அது. ஆகவே, 'பதினேழுக்குக் குறைவானால் ஏற்றுக்கொள்' என்று எழுதிவிட்டாள். 'பதினேழோ அதற்குக் குறைவோ ஆனால்' என்றிருக்க வேண்டும். களத்தில் நெல் காயப்போட்டுக் காலால் துழாவி வளர்ந்த பெண்ணுக்குத்தான் இந்தப் பிழை வரும்.

ஆய்வக உதவியாளர் எழில்மொழியிடம் கொடுத்து முப்பத்தொரு படி எடுக்கச் சொன்னாள். "என்ன மேடம் இது?" என்று எழில்மொழி கேட்டாள். "இம்பார்ட்டன்ட் ப்ரோகிராம்" என்றாள். நம் கல்லூரிகளில் இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்துவிடலாம்.

வகுப்பில் தாளைக் கொடுத்து, "ஒண்ணும் யோசிக்காதீங்க. அப்படியே மனசுல ஏத்திக்கங்க" என்றாள். முப்பது தலைகள் குனிந்தன. கவிப்ரியா மட்டும் கையைத் தூக்கினாள்.

"மேம், பதினேழுன்னாலும் எடுப்பாங்கள்ல? அத ஏன் சேக்கல?"

"பதினேழ நம்பாதம்மா. வரிசையில நிக்கிறப்ப ஏறிடும்."

"எங்க அப்பாவும் இதேதான் மேம் சொல்வாரு" என்று அவள் சிரித்தாள். வகுப்பும் சிரித்தது. வானதியும் சிரித்தாள் என்பதை இங்கே எழுதாமல் விட முடியாது.

தேர்வு முடிந்தது. துறையில் ஒப்பீட்டு மென்பொருள் இருக்கிறது. தாங்கள் அதை நம்பாதவர். அறுபது நிரல்களையும் தாளில் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தீர்கள். நாற்பது உழவர்களில் இராஜாங்கம் என்ற ஒருவருக்கு மட்டும் சரியாகப் பதினேழு விழுக்காடு ஈரம் வைத்திருந்தீர்கள், பிள்ளைகள் விளிம்பைக் கவனிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. முதல் பிரிவில் இருவர் வராததுபோகத் தேர்வெழுதிய இருபத்தொன்பது பேரும் அந்த இராஜாங்கத்தை நெல்லோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஆசிரியர் அறையில் தாங்கள் தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பினீர்கள். "எங் கிளாஸ்ல முப்பத்தொரு பேரும் முப்பத்தொரு விதமாத் தப்புப் பண்ணியிருக்கான். சந்தோசம். இங்க ஒரே தப்பு இருபத்தொம்போது தடவை. தப்பக்கூடவா வானதி காப்பி அடிப்பாங்க?" என்று கேட்டீர்கள். "தெரியல மேடம்" என்றாள் வானதி. அவள் சொன்ன பொய்களில் அதுதான் சிறியது.

மறுநாள் ஆய்வகத்தில் இரண்டு பிரிவையும் உட்காரவைத்து, முதல் பிரிவினரை ஒவ்வொருவராக எழுப்பினீர்கள். அதே வரிமேல் விரல். அதே கேள்வி. இருபத்தெட்டுப் பேர் தரையைப் பார்த்தார்கள். கவிப்ரியாவின் முறை வந்தது.

"ஏம்மா, இந்த வரி எதுக்கு? பதினேழு வரைக்கும்னு கேள்வியில இருக்குல்ல?"

"வரிசையில நிக்கிறப்ப ஈரம் ஏறிடும் மேம். அதனால பதினேழுக்குள்ள இருந்தாத்தான் எடுத்துக்கணும்."

தங்கள் முகம் ஒரு நொடி மலர்ந்ததை வானதி பார்த்தாள். அடுத்த நொடி அது இறுகியதையும் பார்த்தாள். வரிக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவரே அதை எழுதியவர் என்பது முப்பத்திரண்டாண்டுகளாகத் தங்கள் சட்டம். அப்படியானால் எழுதியவள் கவிப்ரியா. மற்றவர்களுக்குக் கொடுத்தவளும் அவளே. கேள்வித்தாளை முன்கூட்டிப் பார்த்தவளும் அவளே. போதாக்குறைக்கு, தாங்கள் திருக்கடையூரில் இருந்த நாளில் அவள் ஏதோ விண்ணப்பத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்ததை நான்கு பேர் பார்த்திருந்தார்கள். "திருட்டுக் கேள்வித்தாள வச்சுப் பாஸாகறதுக்கு நீ எதுக்கும்மா காலேஜுக்கு வர்ற?" என்று அறுபது பேர் முன்னால் கேட்டீர்கள். அவள் ஒரே ஒரு தடவை வானதியைப் பார்த்தாள். வானதி ஜன்னலைப் பார்த்தாள்.

விசாரணைக் குழு அமைந்தது. துரைக்கண்ணு ஐயா தலைவர், பாசித் ஐயா உறுப்பினர், நடவடிக்கைக் குறிப்பு எழுத வானதி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் பேனாவோடு பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

"யாரு குடுத்தான்னு சொல்லிடும்மா. சொல்லிட்டா தண்டனை கொறையும்" என்றார் துரைக்கண்ணு ஐயா. அவர் மிரட்டவில்லை, கெஞ்சத்தான் செய்தார்.

"யாரும் குடுக்கல சார். நான்தான் பாத்தேன்" என்றாள் கவிப்ரியா; அதையே ஒரு தாளில் எழுதியும் கொடுத்தாள்.

'மாணவி தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டார்' என்று வானதி எழுதினாள். அவள் கையெழுத்து அழகானது. அந்த வரியும் அழகாகவே வந்தது.

அன்று மாலை மயிலாடுதுறைப் பேருந்துக்காக நின்ற கவிப்ரியாவின் பக்கத்தில் வானதி போய் நின்றாள். கேட்பதற்கு அவளிடம் ஒரு கேள்விதான் இருந்தது. "ஏன் சொல்லல?"

"சொன்னா ஒங்களுக்கு வேலை போயிடும்ல மேம். நாங்க கிளாஸ்ல எல்லாரும் பேசி வச்சுட்டோம், ஒங்க பேரு வரக்கூடாதுன்னு. எனக்கு ஒன்றரை வருஷம்தானே. பெறவு எழுதிக்குவேன்."

"வீட்ல?"

"அம்மாகிட்டதான் எப்புடிச் சொல்றதுன்னு தெரியல மேம்."

பேருந்து வந்தது. 'நான் சொல்லிடறேன்' என்பது இரண்டே சொல். வானதியின் வாயில் அது வரவில்லை. பத்தொன்பது வயதுப் பெண் இவள் பழியைத் தலையில் ஏற்றிக்கொண்டு படியில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் கவிப்ரியாவின் தாயார் கண்ணாத்தாள் வந்தார்கள், உளுந்து அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு. அந்தக் குடும்பத்தார் இரண்டு தலைமுறைக்கு முன்புவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இன்று ஆறு மா நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குள் நுழைந்த முதல் பிள்ளை கவிப்ரியா.

"எம் பொண்ணு களவாண்டுட்டான்னு சொல்றாங்க டீச்சர். அடுத்தவங்க வரப்புல ஒரு கட்டுப் புல்லு அறுத்ததில்லைங்க நாங்க. ஆனா அவளே காயிதத்துல எழுதிக் குடுத்துட்டாளாமே. நான் எதைங்க நம்புறது?"

வானதி தண்ணீர் கொடுத்தாள்.

"புள்ளைங்க மேல நீங்கதான் உசுரா இருப்பீங்கன்னு எப்பவும் சொல்லுவா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா பெரிய டீச்சர் கேப்பாங்களாமே. சொல்லுங்க டீச்சர்."

"பாக்கறேம்மா" என்றாள் வானதி. அந்தத் தாய் இரு கையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

தங்களிடம் சொல்லிவிட அவள் மூன்று முறை வந்தாள். முதல் முறை தாங்கள் தொலைபேசியில் இருந்தீர்கள். அதைச் சாக்காக வைத்துத் திரும்பினாள். இரண்டாம் முறை தாங்கள் அறுபதாம் கல்யாணத்துப் புகைப்படங்களைக் காட்டி, "நீ வரலியேன்னு அவரு கேட்டாருடி" என்றீர்கள். அதன்பின் எப்படிச் சொல்வது? மூன்றாம் முறை தாங்களே கேட்டீர்கள். "வானதி, கேள்வித்தாள் கவரோட ஓரம் கொஞ்சம் சுருங்கியிருந்துச்சு. நீ கவனிச்சியா?" வழியைத் திறந்தே வைத்தீர்கள். அவள், "இல்ல மேடம்" என்றாள். தாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிறகு இந்த மடல் வேலை வந்தது. தமிழ் நன்றாக வரும் என்று துரைக்கண்ணு ஐயா அதை வானதியிடமே கொடுத்தார்கள். "ரொம்ப மெனக்கெடாதம்மா. போன வருஷம் ஜெக்கரியா சாருக்கு வாசிச்சது கம்ப்யூட்டர்ல இருக்கு. அவரு பேரை எடுத்துட்டு மேடம் பேரைப் போட்டுடு. ஆண்டு மட்டும் பாத்து மாத்திக்க" என்றார்கள். அவர்கள் எப்போதும்போல் எளிதாகத்தான் சொன்னார்கள். ஐயா சினக்க வேண்டாம், நாம் எல்லாரும் அப்படித்தான் செய்துவருகிறோம். ஜெக்கரியா ஐயாவுக்கு வாசித்ததும் அதற்கு முந்தையவருக்கு எழுதியதே. வானதி அந்தக் கோப்பைத் திறந்து பெயரை அழித்தாள். தங்கள் பெயரைத் தட்டச்சு செய்தாள். 'பிறர்க்கென வாழ்ந்த பெருந்தகையே' என்றொரு வரி இருந்தது. இந்த வரி எதற்கு என்று தாங்கள் விரல் வைத்துக் கேட்டால் அவளால் என்ன சொல்ல முடியும்? மூடிவிட்டாள். இருபத்தொன்பது பிள்ளைகளைக் காப்பியடிக்க வைத்தவள், அதற்கு ஒரு பிள்ளையைப் பலிகொடுத்தவள், தங்களுக்கு வாழ்த்தையும் காப்பியடித்துத் தருவதா? அங்கேதான் அவளுக்கு வெறுத்துப்போயிற்று. கண்ணாத்தாள் கும்பிட்டபோது வந்திருக்க வேண்டிய வெறுப்பு, இவ்வளவு தாமதமாக வந்தது.

தவறு கண்டால் தயங்காமல் சுட்டும் தகைமையாளரே! இப்போது தங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் தாங்களும் தவறினீர்கள். காரணம் தெரியாத இருபத்தெட்டுப் பேருக்கு மறுதேர்வு என்றீர்கள். காரணம் தெரிந்த ஒரே பெண்ணுக்கு மூன்று பருவத் தடை. கவரின் ஓரம் சுருங்கியிருப்பதைப் பார்த்த தங்கள் கண், ஒரு மாணவியைச் சந்தேகித்த வேகத்தில் ஓர் ஆசிரியையைச் சந்தேகிக்க மறுத்தது. குத்தகை உழவர் மகளை அறுபது பேர் முன்னால் கேட்டீர்கள்; பக்கத்து மேசைக்காரியை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மெல்ல, ஒரே ஒரு முறை கேட்டீர்கள். அவளைக் கேட்ட குரலில் இவளைக் கேட்டிருந்தால் இவள் அன்றே உடைந்திருப்பாள். தங்கள்மேல் பழி போட்டுத் தப்பிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தாங்களே தவறைத் தவறென்று சொல்லிப் பழகியவர் என்பதால் சொல்கிறாள்.

தனியே வந்து சொல்லியிருக்கலாமே என்று அவையில் சிலர் எண்ணக்கூடும். அந்தப் பெண்ணின் பெயர் கெட்டது அறுபது பேர் முன்னால். அது ஓர் அறைக்குள் சரியானால் போதாது. கவிப்ரியா இப்போது கடைசி வரிசையில் இருக்கிறாள். அவள் தாயாரும் இருக்கிறார்கள். வானதிதான் வரச் சொன்னாள், எதற்கென்று சொல்லவில்லை. கண்ணாத்தாள் அம்மா, எதை நம்புவது என்று கேட்டீர்களே. உங்கள் பெண்ணை நம்புங்கள். அவள் எதையும் களவாடவில்லை. அந்தக் காகிதத்தில் அவள் எழுதியது பொய். அவள் வாழ்நாளில் செய்த தப்பு அந்த ஒன்றாகத்தான் இருக்கும், அதுவும் இந்த டீச்சருக்காகச் செய்தது.

அம்மையீர், இந்த மடலின் அடியில் துறையினர் அனைவரும் ஒப்பமிட்டிருக்க வேண்டும். நம் துறையில் ஒரு பழக்கம். மடல் எழுதும் முன்பே, ஓரத்தில் பூவேலை செய்த வெற்றுத்தாளின் அடியில் எல்லாரும் ஒப்பமிட்டுத் தந்துவிடுவார்கள். மேலே என்ன வரப்போகிறதென்று ஒருவரும் கேட்பதில்லை. இம்முறையும் பதினொருவர் அப்படித் தந்தார்கள். அந்தத் தாளில் இதை எழுதியிருந்தால் அது இன்னொரு களவாகியிருக்கும். அது வானதியின் மேசை இழுப்பறையில் வெறுமையாகவே இருக்கிறது; அவரவர் தங்கள் ஒப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். இது வேறு தாள். இதில் ஒரே ஒப்பம்தான் இருப்பதாக இருந்தது. நேற்று அச்சிடும்போது எழில்மொழி பக்கத்தில் நின்று முழுவதையும் படித்துவிட்டாள். படித்து முடித்துப் பேனாவைக் கேட்டாள்.

"ஒனக்கெதுக்குடி இது? ஒனக்குத் தெரியாதே" என்றாள் வானதி.

"ஜெராக்ஸ் எடுக்குறப்பத் தெரியாது. பரீட்சை அன்னிக்குக் கேள்வித்தாளப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு மேடம். நானும் இத்தன நாளா வாயத் தொறக்கலியே" என்று சொல்லி ஒப்பமிட்டாள்.

அறிவோடு அறத்தையும் அளந்து கொடுத்த அம்மையீர்! தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ்க. மேட்டூரில் நீர் திறந்து குறுவைக்கு வாய்க்கால் நிறையும் காலத்தில், மணியடிக்குமோ என்ற பதற்றமில்லாமல் தங்கள் கணவரோடு கரையில் நடந்து வருக. கண்ணின் கூர்மை குன்றாதிருக்க. அண்ணியோடு தீபாவளிகள் இனிதே கழிக. தாங்கள் மூடிக் கொடுத்த நோட்டுகளைத் திறந்து மீண்டும் எழுதிய பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் தங்களை நல்ல சொல்லால் நினைக்க.

ஒரு வேண்டுகோளோடு மடல் நிறைகிறது. நாளைக் காலைவரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கோப்பு துரைக்கண்ணு ஐயா அவர்களின் பையில்தான் இருக்கிறது. தாங்கள் இதுவரை இட்ட கையொப்பம் எதுவும் பொய்க்குக் கீழே விழுந்ததில்லை. கடைசியாக இடுவதும் விழ வேண்டாம். கவிப்ரியா என்ற பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வானதி என்று எழுதி, பொன்னாடை போர்த்தும் முன் இந்த அவையிலேயே ஒப்பமிட்டுவிடுங்கள். வாசித்தவள் கைதட்டலுக்கு நிற்க மாட்டாள். மேடையை விட்டு இறங்கி நேரே கடைசி வரிசைக்குப் போவாள். அவள் யார் காலில் விழ வேண்டுமோ அந்த இருவர் அங்கே இருக்கிறார்கள்.

வணக்கத்துடன்,

வானதி
உதவிப் பேராசிரியை, இன்று மாலைவரை

எழில்மொழி
ஆய்வக உதவியாளர்